மூன்று படிக்கு 6.3 மீட்டர்: சக்கர நாற்காலிக்காக வீட்டை மாற்றிய அனுபவம்

எங்கள் வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் 150 மி.மீ., மொத்தம் 450. நடக்கிறவர்களுக்கு அது மூன்று எட்டு. அக்காவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போன பிறகுதான், அந்த 450 மி.மீ. எவ்வளவு பெரிய மதில் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா வீடு திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் ஒரு பெரிய தவறு செய்தோம். படிகளின் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டி, 2.4 மீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவை இழுத்துவிட்டோம். பார்வைக்குச் சாய்தளம் போலவே இருந்தது. முதல் நாள் அக்கா தானே ஏறிப் பார்க்கிறேன் என்று சக்கரத்தைத் தள்ளினாள். பாதி தூரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. நான் பின்னால் நின்றதால் பிடித்துக்கொண்டேன். நிற்காமல் இருந்திருந்தால் தலை பின்பக்கமாகத் தரையில் மோதியிருக்கும். அதற்கப்புறம் நாலு மாதம், அவள் வெளியே போக வேண்டுமென்றால் ஒருவர் பின்னால் தள்ள, ஒருவர் முன்னால் பிடிக்க, இரண்டு பேர் வேண்டும்.

ஒருநாள் அக்கா சொன்னாள்: "யாரையும் கூப்பிடாம நானே வெளியே போயிட்டு நானே உள்ளே வரணும்டா தம்பி. அதுக்கு என்ன உடைக்கணுமோ உடை."

அந்த ஒரு வரியைத்தான் வேலை முழுவதற்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். 'சாய்தளம் இருக்கிறதா, அகலக் கதவு இருக்கிறதா' என்று கேட்டால் எல்லாம் இருக்கிறது என்று பதில் வந்துவிடும். 'தனியாக முடிகிறதா' என்று கேட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

முதலில் டேப்பை எடுத்து வீட்டை அளக்கவில்லை. அக்காவை அளந்தேன். நாற்காலியின் வெளி அகலம் 630 மி.மீ. பாதத்தட்டோடு சேர்த்து நீளம் 1100. மெத்தையில் உட்கார்ந்து அழுந்திய பிறகு இருக்கையின் உயரம் 490. முழங்கால் உயரம் 640. உட்கார்ந்தபடி கையை நீட்டினால் மேலே எதுவரை எட்டும், கீழே எதுவரை எட்டும். இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் விதிகள் சொல்லும் எண்களை எழுதினேன்.

அந்த எண்களுக்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய கட்டடங்களுக்கான முதல் தேசியத் தர அளவு 1961-ல் அமெரிக்காவில் வந்தது. பெயர் ஏ117.1. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி மாணவர்களுக்காக உழைத்த டிம் நியூஜென்ட் அதற்கான ஆய்வை முன்னின்று நடத்தினார். இன்று உலகளவில் ஐஎஸ்ஓ 21542 என்ற தர அளவு இருக்கிறது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி செய்வதை அரசுகளின் கடமையாக்குகிறது. ஆனால் இந்த விதிகளில் பெரும்பகுதி பொதுக் கட்டடங்களுக்குத்தான். ஒரு தனி வீட்டின் வாசற்படிக்குள் சட்டம் அரிதாகவே நுழைகிறது. ஒரு மனிதர் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சாய்தளத்துக்கு வருகிறேன். உச்சபட்சச் சரிவு 1:12. அதாவது 1 மி.மீ. ஏற 12 மி.மீ. நீளம். அக்காவும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ என்று வையுங்கள். 1:12 சரிவில் அவள் கைகள் தாங்க வேண்டிய சுமை சுமார் 6 கிலோ. நாங்கள் அவசரத்தில் போட்டது 1:5.3. அதில் 14 கிலோ. ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவே கையை எடுத்து மறுபடி பிடிக்கிற நொடியில் அந்த 14 கிலோ நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும். அதை மீற வேகமாகத் தள்ளும்போது, எடை ஏற்கெனவே பின்சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். முன்சக்கரம் எழும்பாமல் என்ன செய்யும்?

1:12 என்பது மீறக்கூடாத எல்லை. அதையே இலக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இடமிருந்தால் இன்னும் தாழ்த்துவது நல்லது என்று 1:14 எடுத்தேன். 450 மி.மீட்டருக்கு 6.3 மீட்டர் நீளம் வந்தது. கீழே 1.5 மீட்டர், மேலே 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் 9.3. வாசலிலிருந்து வெளிக்கதவு வரை நேராக இருந்தது 5.6 மீட்டர்தான். அதனால் பக்கச் சுவரை ஒட்டி 'ட' போல மடக்கினோம். முதல் ஓட்டம் 3.5 மீட்டர், ஏற்றம் 250. நடுவில் 1.5 மீட்டர் சதுரத்தில் திரும்பும் தளம். இரண்டாவது ஓட்டம் 2.8 மீட்டர், ஏற்றம் 200.

கொத்தனார் அண்ணனுக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. "மூணு படிக்கு இவ்வளவு நீளமா தம்பி? பாதி போதுமே" என்றார். அவரிடம் கணக்குச் சொல்லவில்லை. பழைய சாய்தளத்தின் அடியில் நாற்காலியை வைத்து, அவரை உட்காரவைத்து, ஏறச் சொன்னேன். இரண்டு தள்ளலில் இறங்கிவிட்டார். "சரி, நீங்க சொல்ற நீளமே போடுவோம்" என்றார். அன்றிலிருந்து என்னைவிட அவர்தான் கவனமாக இருந்தார்.

குறியிடுவதற்கு, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல்தான் கைகொடுத்தது. 700 மி.மீட்டருக்கு ஒரு முளை அடித்தோம். ஒவ்வொரு முளையும் முந்தியதைவிட 50 மி.மீ. உயரம். மேலே நூல் கட்டியதும் சரிவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் செங்கல் கட்டி, நடுவே மண் நிரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் ஊற்றித் திமிசுக் கட்டையால் இடித்தோம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மண் பிறகு இறங்கினால் கான்கிரீட் விரிசல் விடும். ஒரு விரலளவு பள்ளம் போதும், முன்சக்கரம் அங்கே நின்றுவிடும்.

கான்கிரீட் போட்ட பிறகு வந்தது இரண்டாவது தவறு. மழைத்தண்ணீர் வடியட்டும் என்று கொத்தனார் அண்ணன் நல்லெண்ணத்தோடு பக்கவாட்டில் ஒரு வாட்டம் கொடுத்திருந்தார். 1200 மி.மீ. அகலத்துக்கு 40 மி.மீ. நடந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. அக்கா ஏறினாள். ஏறும்போது நாற்காலி தானாக இடது ஓரத்தை நோக்கித் திரும்பியது. அவள் வலது கையை எடுத்துவிட்டு இடது சக்கரத்தை மட்டும் தள்ளித் தள்ளி நேராக்கப் பார்த்தாள். மூன்று மீட்டர் ஏறுவதற்குள் இடது தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது. "மேட்டுல ஏறுற கஷ்டம் பெருசில்லடா. நேரா போக வைக்கிறதுதான் உயிரை எடுக்குது" என்றாள்.

பக்கச்சரிவு 1:48-ஐத் தாண்டக்கூடாது என்று என் நோட்டிலேயே எழுதியிருந்தது. 1200-க்கு 25 மி.மீ.தான் வர வேண்டும். எழுதியிருந்தும் அன்று ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்க்கவில்லை, நீளவாக்கில் மட்டும் பார்த்தேன். மேற்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, 15 மி.மீ. வாட்டத்தில் மறுபடி போட்டோம். வழவழவென்று தேய்க்காமல், இறுகுவதற்கு முன் தென்னந்துடைப்பத்தால் சரிவுக்குக் குறுக்காகக் கோடு இழுத்தோம். நனைந்தாலும் சக்கரமும் செருப்பும் பிடித்து நிற்கின்றன.

ஓரங்களில் 100 மி.மீ. உயரத்துக்குத் தடுப்பு விளிம்பு கட்டினோம். சக்கரம் விளிம்பைத் தாண்டி விழாமல் இருக்க அது. இரண்டு பக்கமும் 900 மி.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி. சரிவு தொடங்கும் இடத்துக்கு 300 மி.மீ. முன்பாகவே கம்பி தொடங்க வேண்டும், முடியும் இடத்தைத் தாண்டி இன்னொரு 300 போக வேண்டும். இதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். முழங்கால் வலியுள்ள அம்மா ஏறும்போதுதான் காரணம் புரிந்தது. சரிவில் கால் வைப்பதற்கு முன்னாலேயே அவர் கை கம்பியைத் தேடுகிறது.

சாய்தளம் முடிந்து வாசலுக்கு முன்னால் வரும் மேல் தளத்தை முதலில் 1200 மி.மீ. ஆழத்துக்குத்தான் வரைந்திருந்தேன். கதவு உள்பக்கம் திறக்கிறது, போதுமே என்று எண்ணம். காகிதத்தைப் பார்த்த அக்கா கேட்டாள்: "வெளியே வந்ததும் கதவை யாரு சாத்துறது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. நடக்கிறவர் வெளியே வந்து, திரும்பி, கைப்பிடியை இழுத்துப் பூட்டிவிடுவார். நாற்காலியில் இருப்பவர் முழுதாக வெளியே வந்து, நாற்காலியைத் திருப்பி, கைப்பிடிக்குப் பக்கவாட்டில் நின்று இழுக்க வேண்டும். நேர் எதிரே நின்று இழுத்தால் பாதத்தட்டு கதவிலேயே இடிக்கும். கதவை இழுத்துத் திறக்கும் பக்கத்தில், தாழ்ப்பாள் இருக்கும் ஓரத்தைத் தாண்டி 450 மி.மீட்டராவது வெற்றுச் சுவர் வேண்டும் என்று விதி சொல்வதும் இப்படிப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பதற்காகத்தான். எங்களுக்கு அங்கே ஒரு பூந்தொட்டித் திண்ணை இருந்தது. அதை இடித்து 600 கிடைத்தது. தளத்தையும் 1500 ஆக்கினோம். உள்ளே வரும்போது தனக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்துவதற்காக, கதவின் உள்முகத்தில் கிடைமட்டமாக ஒரு கம்பி போட்டோம். குமிழைத் திருகும் பூட்டை மாற்றி, மணிக்கட்டைத் திருப்பாமல் அழுத்தித் திறக்கும் நெம்புகோல் கைப்பிடி வைத்தோம்.

நிலையின் அடிக்கட்டை 40 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் அனுமதி 13 மி.மீ. மட்டுமே, அதிலும் 6 மி.மீட்டருக்கு மேல் உள்ள பகுதியைச் சரித்துச் சீவ வேண்டும். அடிக்கட்டையை முழுதாக அறுத்தெடுத்துவிட்டோம். மழை உள்ளே வராதா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேல் தளத்துக்கு வெளிப்பக்கமாக 1:50 வாட்டம் கொடுத்து, கதவுக்கு முன்னால் குறுக்கே ஒரு சிறு வடிகாலும் மேலே கம்பித் தட்டும் போட்டோம். தட்டின் இடைவெளி 13 மி.மீட்டருக்குள், துளைகளின் நீளவாக்கு நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக. திசையை மாற்றிப் போட்டால் மெல்லிய முன்சக்கரம் அதற்குள் இறங்கிச் சிக்கும்.

வீட்டுக்குள்ளே பெரிய போராட்டம் கழிப்பறையில். அதன் கதவை எல்லோரும் "ரெண்டரை அடி கதவு" என்பார்கள். 750 மி.மீ. நாற்காலி 630. தாராளமாகப் போக வேண்டும் அல்லவா? நிலையின் இரு பக்கச் சட்டங்கள், திறந்து நிற்கும் கதவின் தடிமன் எல்லாம் கழித்தால் மிஞ்சியது 640. பக்கத்துக்கு 5 மி.மீ. அந்த 5 மி.மீட்டரில் அவளுடைய விரல்களும் போக வேண்டும். நாலு மாதம் அவள் விரல் முட்டிகளில் சிராய்ப்பு ஆறவே இல்லை.

கதவை 90 பாகை திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை அளந்து வருவதுதான் உண்மையான வழி. அது குறைந்தது 815 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கேட்கும் கதவளவு வேறு, கடந்து போகும் வழி வேறு. படுக்கையறைக் கதவில் 785 இருந்தது. அங்கே சுவரை உடைக்கவில்லை. திறக்கும்போது கதவைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி நிறுத்தும் விலகு கீல்களைப் போட்டதில் கதவின் தடிமனான 35 மி.மீ. திரும்பக் கிடைத்து 820 ஆனது. கழிப்பறையில் வேறு வழியில்லை, சுவரை வெட்டி, கதவுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் லிண்டலைப் புதிதாகப் போட்டு, 900 நிலை வைத்தோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும்.

பக்கத்துச் சாமான் அறையின் நடுச்சுவரை எடுத்ததில் 2.1க்கு 2.4 மீட்டர் கிடைத்தது. உத்திரம் எதுவும் அந்தச் சுவரில் உட்காரவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு தரையில் சாக்பீஸால் 1500 மி.மீ. விட்டத்தில் வட்டம் போட்டேன். அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கழிப்பறைக் கோப்பைக்கும் வாஷ்பேசினுக்கும் பதிலாக வைத்தேன். அக்கா உள்ளே வந்து, சுற்றி, ஒதுங்கி, இடம் மாறுவதுபோல் செய்து பார்த்தாள். மூன்று முறை பாதத்தட்டு பேசின் பெட்டியில் இடித்தது. பெட்டியை நகர்த்தி நகர்த்தி, நாலாவது முறை இடிக்கவில்லை. அந்த இடத்தில் குறி போட்டோம். ஒரு மாலை நேரம் செலவானது. டைல்ஸ் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பழைய கோப்பையின் உயரம் 400. நாற்காலியின் இருக்கை 490. இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவது மலை. அடியில் 80 மி.மீ. மேடை கட்டி 480 ஆக்கினோம். மேடை கோப்பையின் அடிப்பாகத்தைவிட வெளியே நீண்டால் பாதத்தட்டு அதில் மோதும். அதனால் கோப்பையின் வடிவத்துக்கே ஒட்டி வெட்டினோம். கோப்பையின் நடுக்கோடு சுவரிலிருந்து 450. மறுபக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்த 900 காலி இடம்.

கைப்பிடிக் கம்பியின் உயரத்தில் எனக்குப் பெரிய குழப்பம் வந்தது. அமெரிக்க விதி 840 முதல் 915 மி.மீ. என்கிறது. பிரிட்டிஷ் அளவில் 680. எதை எடுப்பது? ஒரு கட்டையை வெவ்வேறு உயரத்தில் பிடித்து அக்காவிடம் கொடுத்தோம். அவள் எழுந்து நிற்கிறவள் அல்ல. கையை ஊன்றி உடலைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்கிறவள். 850-ல் ஊன்ற முடியவில்லை, தொங்கத்தான் முடிந்தது. 700-ல் முழங்கை நன்றாக மடிந்து, தோள் வலுவோடு தூக்கினாள். 700 வைத்தோம். கைத்தடியோடு எழுந்து நிற்கிறவருக்கு அந்த உயரம் சரிப்படாமல் போகலாம். அதனால் அம்மாவுக்காகச் சுவரில் செங்குத்தாக இன்னொரு கம்பி.

கம்பியைச் சுவரில் பிடிப்பதிலும் பாடம் கற்றோம். அது நாலரை அங்குலச் சுவர். பிளாஸ்டிக் செருகி வைத்துத் திருகாணி முடுக்கி, நான் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் பூச்சோடு பிய்ந்து கையில் வந்தது. விதிப்படி அது 1112 நியூட்டன், ஏறக்குறைய 113 கிலோவைத் தாங்க வேண்டும். சுவரை ஊடுருவித் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, போல்ட் போட்டு முடுக்கினோம். இப்போது கொத்தனார் அண்ணனும் நானும் மாறி மாறித் தொங்கியும் அசையவில்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1991 மார்ச் 13-க்குப் பிறகு குடிவந்த, நான்கு வீடும் அதற்கு மேலும் கொண்ட அடுக்குமாடிகளில், சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளின் குளியலறைச் சுவரைக் கம்பி பொருத்தும் அளவுக்கு முன்கூட்டியே வலுப்படுத்தியிருக்க வேண்டும். கம்பி அப்போதே வேண்டாம், சுவர் தயாராக இருந்தால் போதும். அதே நாட்டில் எலினார் ஸ்மித் என்பவர் 1987-லிருந்து ஒவ்வொரு புது வீட்டிலும் மூன்று விஷயங்கள் வேண்டும் என்று போராடினார். படியில்லாத ஒரு வாசல், நாற்காலி கடக்கும் கதவுகள், தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை. கட்டும்போதே செய்தால் இவற்றுக்குப் பெரிய வேலையில்லை. நாங்கள் உடைத்து உடைத்துச் செய்தோம்.

குளிக்குமிடத்துக்கு வரப்பு கட்டவில்லை. 1:50 வாட்டத்தில் தண்ணீர் மூலைக்கு ஓடுகிறது. வாஷ்பேசினின் அடியில் 700 மி.மீ. உயரத்துக்கு முழங்கால் போக இடம் விட்டு, கழிவுக் குழாயைச் சுவரோடு ஒட்டிப் பின்னுக்குத் தள்ளினோம். வெந்நீர்க் குழாய்க்கு முழுதாக உறை போட்டோம். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். உணர்வில்லாத காலில் சூடான குழாய் பட்டால் கொப்புளம் வரும்வரை அவருக்கே தெரியாது. அக்காவின் வலது முழங்காலில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது, பழைய பேசின் கொடுத்தது.

சுவிட்சுகளை 1100 உயரத்துக்கு இறக்கினோம், பிளக் பாயின்ட்டுகளை 450-க்கு ஏற்றினோம். கைப்பிடிகளுக்குச் சுவரிலிருந்து பளிச்சென்று பிரியும் அடர்நிறம். கண் மங்கிய அம்மாவுக்கு அது உதவுகிறது.

வேலை முடிந்த பிறகு அக்கா வெளிக்கதவு வரை தனியாகப் போனாள். வீட்டுக் கதவைச் சாத்திப் பூட்ட முதல் முறை ஐந்து நிமிடம் ஆனது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன், போகவில்லை. வெளிக்கதவின் தாழ்ப்பாள் 1400 உயரத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்து நோட்டை வாங்கி அவளே எழுதினாள்: தாழ்ப்பாள், 900-க்கு இறக்க வேண்டும்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறாள். வெளிக்கதவுக்கும் சாலைக்கும் நடுவே 120 மி.மீ. இறக்கம். 1:12-க்கு 1.44 மீட்டர் வேண்டும். அதைச் சாலைக்குள் நீட்ட முடியாது. உள்பக்கத் தரையை வெட்டித் தாழ்த்தி, சரிவை மதிலுக்கு உள்ளேயே தொடங்க வேண்டும். வெளிக்கதவையும் அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும். நாளைக்குக் கொத்தனார் அண்ணன் டியூப் லெவலோடு வருகிறார்.